நாட்டுச் செம்பருத்தியா, அடுக்குச் செம்பருத்தியா? தேவகோட்டை ஆச்சிக்கு விளக்கம்

அடுத்த கேள்வி தேவகோட்டையிலேர்ந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காங்க. பின்கட்டுல அஞ்சிதழ் செவப்புச் செம்பருத்தி இருக்காம். பேத்தி நர்சரியிலேர்ந்து அடுக்குச் செம்பருத்தியும் மஞ்சள் செம்பருத்தியும் வாங்கி வச்சிருக்காளாம். எதைத் தலைக்குப் போடலாம், எதைக் குடிக்கலாம்னு கேக்குறாங்க.

ஆச்சி, ரெண்டுக்கும் உங்க பின்கட்டுச் செடியே போதும். தலைக்குன்னா பூவைவிட இலைக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். கசக்கினா வழவழன்னு வரும் பாருங்க, அந்தக் கொழகொழப்புதான் அழுக்கையும் எடுக்கும், முடியையும் சிக்கு விழாம வைக்கும். ஒரு கைப்பிடி இலையைச் சீயக்காயோட அரைச்சுத் தேயுங்க. வெறும் சீயக்காய் போட்டா வர்ற வறட்சி இதுல வராது. ஆனா வழுக்கையில முடி முளைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எலிகளை வச்சுச் செஞ்ச ஆய்வுல முடி நல்லா வளர்ந்திருக்கு, அதை அப்படியே நமக்குச் சொல்லிட முடியாது. எண்ணெய் காய்ச்சுறதா இருந்தா பூவை நிழல்ல நல்லாக் காயவச்சுப் போடுங்க. ஈரம் இருந்தா எண்ணெய் கெட்டுப்போகும்.

குடிக்கிற விஷயம் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. கடையில செம்பருத்தி டீன்னு விக்கிறது பெரும்பாலும் இந்தப் பூவே இல்ல. புளிச்சைக்கீரை வகைச் செடியில, பூவுக்கு அடியில செவப்பா, புளிப்பா, சதைப்பத்தோட இருக்கிற புல்லியைக் காயவச்சது அது. பிரஷர் குறையும்னு சொல்ற ஆய்வுகள்ல பெரும்பாலானது அதை வச்சுச் செஞ்சதுதான். அதனால உங்க வீட்டுப் பூவைக் குடிச்சுட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க ஆச்சி, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஆசைக்குக் குடிக்கலாம். நடுத்தண்டைக் கிள்ளிட்டு இதழை வெந்நீர்ல போடுங்க, ஊதாவா இறங்கும். எலுமிச்சை பிழிஞ்சா பளிச்சுனு செவப்பாயிடும், பேத்திக்குக் காட்டுங்க. மாசமா இருக்கிறவங்க, குழந்தைக்கு எதிர்பாக்குறவங்க இதைக் குடிக்க வேண்டாம்.

நர்சரிச் செடியோட பூவை இப்போதைக்கு வாயில வைக்காதீங்க. விக்கிறதுக்கு முன்னாடி பூச்சிமருந்து அடிச்சிருக்க வாய்ப்பு உண்டு. சாமிக்கு வைங்க, அழகுக்கு இருக்கட்டும்.

பேத்தி வீட்டுக்கும் நாட்டுச் செடி வேணும்னா ஐப்பசி மழையில பென்சில் கனத்துக்குக் குச்சி ஒடிச்சு நட்டாலே வேர் பிடிக்கும். மாவுப்பூச்சி வந்தா முதல்ல எறும்பு ஏறுற வழியைப் பாருங்க, அந்தப் பூச்சியைக் காவல் காக்குறதே எறும்புதான். பெறகு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தப்புறம் இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க.