அந்தக் கைகளைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘மேடையில் மின்னணு இசையை ரசிக்க வைப்பது ஒலியா, கையசைவா?’ கையசைவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: “கண்ணை மூடிக்கொண்டாலும் அதே ஒலிதானே வருகிறது? கையை ஆட்டுவது வெறும் வேடிக்கைதானே?” ஐயா, ஒலி அதேதான். ஆனால் அது இந்த நொடியில் பிறந்ததா, நேற்றே பதிந்து வைத்ததா என்று எனக்கு யார் சொல்வது? அந்தக் கைதான் சொல்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் ஸ்டைம் என்றொரு இசைக்கூடம் இருந்தது. அங்கே 1984இல் இசைக்கலைஞர் மிஷெல் வைஸ்விஸ், கையசைவால் மின்னணு ஒலியை இயக்கும் ‘தி ஹேண்ட்ஸ்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு கையிலும் மாட்டிக்கொள்வது. விரலுக்கடியில் அழுத்தும் கட்டைகள். கையைச் சாய்த்தால் பாதரச சுவிட்சு வேலை செய்யும். இரு கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைக் காதுக்குக் கேட்காத மீயொலி அளந்துகொண்டே இருக்கும். மேடையில் எந்தச் சிரமமும் தெரியாத இசையை அவர் விரும்பியதே இல்லை. 2008இல் மறையும்வரை அந்தக் கருவியோடு வாழ்ந்தார். வேடிக்கைக்காக ஒருவர் இத்தனை ஆண்டு பழகுவாரா?

இசைக்கலைஞர் லெட்டிஷியா சொனாமி 1991இல் சமையலறை ரப்பர் கையுறையை எடுத்தார். விரல்நுனிகளில் காந்த உணரிகளை ஒட்டினார், இன்னொரு கையில் காந்தம். விரல் நெருங்க நெருங்க ஒலி மாறும்.

“எந்த அசைவுக்கு எந்த ஒலி என்பதைக் கணினி நிரல்தானே முடிவு செய்கிறது?” என்றார் எதிரணி அம்மையார். உண்மைதான், மறுக்கவில்லை. வீணையில் விரல் தந்தியை இழுத்தால் கமகம் வந்தே தீரும். இங்கே அந்த முடிச்சை மனிதர் போடுகிறார். ஆனால் அம்மா, முதல்முறை கை மூடும்போது ஒலி அடங்கினால் வியக்கிறோம். இரண்டாம் முறை கை மூடப்போகிறதே என்று நாமே மூச்சைப் பிடிக்கிறோம். கண்ணை மூடியிருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு ஏது?

கடைசியாக, தெரமின் என்ற மின்னணுக் கருவியை வாசித்த கிளாரா ராக்மோர். வயலினில் தேர்ந்தவர், உடல்நலம் இடம் கொடாததால் அதை விட்டவர். தெரமினைத் தொடவே கூடாது; அதன் கம்பிகளுக்கு அருகே காற்றில் கையை அசைக்க வேண்டும். வலக்கை சுருதி, இடக்கை ஒலியளவு. உடம்பு கொஞ்சம் அசைந்தாலும் சுருதி நழுவும். அதனால் சிலைபோல் நிற்பார். காற்றில் விரல் வைக்க வீணைபோல் மெட்டு உண்டா, தந்தி உண்டா? ஒன்றுமில்லை. குவிந்த வலக்கையிலிருந்து ஒவ்வொரு விரலாக விரியும். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சுரம் வந்து நிற்கும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பெழுதும் முன் ராக்மோர் வாசிக்கும் காணொளியை ஒருமுறை கண்ணைத் திறந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.