கடல் தாண்டிய இருபது விடுகதைகள்: கன்னியர் மடங்களில் ஒரு கவிதைச் சபை

[திரையில்: மெக்சிகோவின் பெசோ நோட்டு. அதில் ஒரு கன்னியாஸ்திரியின் முகம்]

ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ். 17-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோவில், மடத்துக்குள் இருந்தபடியே அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கவிதைகளை எழுதியவர். அவர் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: தன்னந்தனி மேதை, திருச்சபைப் பெரியவர்கள் சேர்ந்து வாயை அடைத்தார்கள், முடிந்தது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அதிகம் பேசப்படாத மறுபாதி என்னவென்றால், அவருக்குத் தோழிகள் இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் போர்ச்சுக்கலில், அவரைப் போலவே மடங்களில் வாழ்ந்த, கவிதை எழுதிய பெண்கள்.

கவிஞர் ஏன் மடத்துக்குப் போனார்? பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. கௌரவமான குடும்பத்துப் பெண் என்றால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் மடம். கல்யாணத்தில் தனக்குத் துளியும் விருப்பமில்லை என்று ஹுவானாவே எழுதிவைத்திருக்கிறார். 1667-இல் கார்மேல் மடம் ஒன்றில் சேர்ந்தார். விதிகள் மிகக் கடுமையான மடம் அது. சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டார். 1669-இல் சான் ஹெரோனிமோ மடத்தில் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்தார்.

[திரையில்: சான் ஹெரோனிமோ மடத்தின் முற்றம்]

இந்த மடத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் அறை என்பது கிட்டத்தட்ட தனி வீடு. புத்தகம் சேர்க்கலாம், இசைக்கருவி வைத்துக்கொள்ளலாம். வெளியாட்கள் வந்தால் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசலாம். வைஸ்ராயும் அவர் மனைவியுமே வந்து பேசிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஹுவானாவுக்கு அவருடைய அம்மா கொடுத்த அடிமைப் பெண் ஒருவரும் அந்த மடத்தில் இருந்தார். காலனியக் காலத்து மடங்களில் படிக்கவும் எழுதவும் கிடைத்த நேரத்தில், பெரும்பகுதி இப்படிப்பட்ட பெண்களின் உழைப்பால் கிடைத்தது.

அந்த வைஸ்ராயின் மனைவி, பரெதெஸ் சீமாட்டி மரியா லூயிசா. 1680-இல் மெக்சிகோ வந்தவர், ஹுவானாவின் நெருங்கிய தோழியானார். ஸ்பெயினுக்குத் திரும்பிய பிறகும் தோழியை மறக்கவில்லை. ஹுவானாவின் முதல் புத்தகம் 1689-இல் மாட்ரிடில் அச்சானது இவருடைய முயற்சியால்தான். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார்.

1690-இல் சிக்கல் ஆரம்பித்தது. புகழ்பெற்ற இயேசு சபைப் பாதிரியார் அன்டோனியோ வியெய்ராவின் பிரசங்கம் ஒன்றை மறுத்து ஹுவானா எழுதியதை, புவெப்லா நகரத்தின் ஆயர் (பிஷப்) அச்சிட்டார். கூடவே ஒரு கன்னியாஸ்திரியின் பெயரில் ஒளிந்துகொண்டு, ‘உலக விஷயங்களைப் படிப்பதைக் குறைத்துக்கொள், வேதத்தைப் படி’ என்று புத்திமதிக் கடிதமும் எழுதினார்.

1691 மார்ச்சில் ஹுவானா எழுதிய பதில் இன்றைக்கும் படிக்கப்படுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சமையலறை. முட்டை எண்ணெயில் ஒன்றாகச் சேர்ந்து பொரிகிறது, சர்க்கரைப் பாகில் போட்டால் பிரிந்து போகிறது, இது ஏன் என்று யோசிக்கிறார். அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார் என்கிறார். புத்தகத்தைப் பிடுங்கினாலும் பார்ப்பதையும் யோசிப்பதையும் யாரால் பிடுங்க முடியும்?

ஆனாலும் நெருக்கடி கூடியது. 1694-இல் தன் வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்து, ரத்தத்தால் கையெழுத்திட்டார். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கே முடிந்துவிடும்.

[திரையில்: மெக்சிகோவிலிருந்து லிஸ்பன் வரை கப்பல் பாதை]

சரி, அப்போது லிஸ்பனில் என்ன நடந்துகொண்டிருந்தது? வெவ்வேறு மடங்களைச் சேர்ந்த போர்ச்சுக்கீசியக் கன்னியாஸ்திரிகள் சிலர் ஓர் இலக்கியச் சபையாக இயங்கினார்கள். சபையின் பெயர் ‘காசா டெல் பிளாசெர்’, அதாவது இன்ப இல்லம். மடத்தை விட்டு வெளியே வர அனுமதி இல்லாத பெண்கள், கவிதை வழியாகவே கூடினார்கள். அவர்களுக்காக ஹுவானா 20 விடுகதைகள் எழுதி அனுப்பினார். ஒவ்வொன்றும் நான்கே அடி. 1695 என்று தேதியிட்டு அந்தப் பெண்கள் அதை முழுப் புத்தகமாக வடிவமைத்தார்கள்.

இந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைக்கு எந்தப் புத்தகம் வெளிவர வேண்டுமென்றாலும், அதைப் படித்துப் பார்த்து ‘இதில் குற்றமில்லை’ என்று ஒருவர் எழுத வேண்டும். ‘அச்சிடலாம்’ என்று இன்னொருவர் அனுமதி தர வேண்டும். எழுதுகிறவர்கள் திருச்சபை ஆண்கள், அதிகாரிகள். இங்கேயோ தணிக்கைக் கருத்து எழுதியதும் கன்னியாஸ்திரிகள், அனுமதி கொடுத்ததும் கன்னியாஸ்திரிகள். அதையும் கவிதையாகவே கொடுத்தார்கள். அனுமதி தந்தவர்களில் ஒருவர், லிஸ்பனுக்குப் பக்கத்தில் உள்ள ஒதிவெலாஸ் மடத்தின் ஃபெலிசியானா தெ மிலாவ். கூடவே பாராட்டுக் கவிதை எழுதியவர் யார் தெரியுமா? அதே மரியா லூயிசாதான். மெக்சிகோவில் ஓர் ஆயர் பெண் பெயரில் ஒளிந்து புத்தி சொன்ன சில வருஷங்களுக்குள், இங்கே பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் ‘இவர் எழுதலாம்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். ஹுவானாவுக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே இதுதான் பெரியது என்பேன்.

அதே 1695 ஏப்ரல் 17 அன்று, கொள்ளைநோயில் விழுந்த சக கன்னியாஸ்திரிகளுக்குப் பணிவிடை செய்த ஹுவானா, தானும் நோய் தொற்றி இறந்துபோனார். விடுகதைகள் கையெழுத்துப் பிரதிகளாகவே தங்கிவிட்டன. 1968-இல்தான் என்ரிகே மார்த்தினெஸ் லோபெஸ் என்ற ஆய்வாளர், லிஸ்பன் தேசிய நூலகத்திலிருந்து அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 1950-களில் வந்த ஹுவானாவின் முழுத் தொகுப்பில்கூட இவை கிடையாது.

[திரையில்: முதல் விடுகதை]

ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரக்கமும் நன்றிகெட்டதனமும் ஒன்றாய்ச் சேர்ந்த கொலைகாரி ஒருத்தி. தான் உயிரோடு இருக்கும்வரை கொல்கிறாள், உயிர் கொடுக்கும்போது செத்துப்போகிறாள். யார் அவள்?

பிரதியில் விடை இல்லை. எனக்குத் தோன்றும் விடை, நம்பிக்கை. ஒன்று நடக்கும் நடக்கும் என்று நம்பிக் காத்திருக்கிற வரை அது நம்மைக் கொன்றுகொண்டே இருக்கும். நடந்துவிட்டால் நமக்கு உயிர் வரும், நம்பிக்கைக்கு வேலை முடிந்துவிடும். மற்ற விடுகதைகளும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் போகின்றன: காதல், ஏக்கம், பொறாமை, பிரிவு. இவற்றுக்குத்தான் அந்த மடத்துப் பெண்கள், ‘குற்றமில்லை, வெளியிடலாம்’ என்று எழுதிக்கொடுத்தார்கள்.