கறிவேப்பிலைக் கொழுந்தில் ஒரு புழு

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? தரையில் இருந்தாலும் சரி, மாடியில் தொட்டியில் இருந்தாலும் சரி. தாளிக்கக் கிள்ளப் போகும்போது கொழுந்தின் ஓரம் கடிபட்டிருந்தால், செடியில் பூச்சி விழுந்துவிட்டது என்று உடனே வேப்பெண்ணெயைத் தேடுவோம். அந்த வேப்பெண்ணெயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் முதலில் அதைக் கூப்பிட்டு அந்த இலையைக் காட்டுங்கள்.

நான் சைதாப்பேட்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்று பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. நடுவில் நான்கு அம்புக்குறி. அந்த அம்புக்குறிகளுக்குள் என்னதான் நடக்கிறது என்பதுதான் ஒரு குழந்தைக்கு வேண்டியது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதை எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்பக்கம் என்றால் பெரிய தோட்டம் ஒன்றுமில்லை. துணி துவைக்கும் கல், ஒரு அடிபம்பு, முருங்கை, நந்தியாவட்டை, இந்தக் கறிவேப்பிலை, அவ்வளவுதான்.

கறிவேப்பிலையைத் தேடி வருகிற வண்ணத்துப்பூச்சிகளில் சென்னையில் அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு. கறுப்பும் மஞ்சளுமாய் இருக்கிற எலுமிச்சை அழகி ஒன்று. கறுப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டுகள் வரிசையாக ஓடுகிற கறிவேப்பிலை அழகி இன்னொன்று. பெண் பூச்சி இலையில் வந்து உட்கார்ந்ததும் முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். பூச்சிக்குக் காலிலேயே சுவை தெரியும். இது தன் பிள்ளைகள் தின்னக்கூடிய இலைதானா என்று கால் சொன்ன பிறகுதான் முட்டை இடும். கடுகளவு, வெளிர்மஞ்சள், உருண்டை. பெரும்பாலும் கொழுந்தில் ஒரு முட்டை, அப்புறம் வேறொரு கொழுந்தில் இன்னொன்று. மூன்று நான்கு நாளில் புழு வெளியே வந்துவிடும். வந்ததும் அதன் முதல் சாப்பாடு பெரும்பாலும் அந்த முட்டையோடுதான்.

சின்னப் புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள். பழுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, மேலே ஈரமாக ஒரு மினுமினுப்பு. எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது, அதுதான் அதன் தந்திரம். நான்கு முறை தோல் உரிக்கும். கடைசியாக உரித்து வரும்போது வேடமே மாறிப் பச்சை நிறமாகிவிடும். எச்ச வேடம் சின்ன உடம்புக்குத்தான் பொருந்தும். நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட உடம்புக்கு இலையோடு இலையாகிவிடுவதுதான் பாதுகாப்பு.

இந்தப் பச்சைப் புழுவைத் துடைப்பக்குச்சியால் லேசாகத் தொட்டாள் பேத்தி. தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, இரண்டாகப் பிளந்த ஒரு கொம்பு சட்டென்று வெளியே நீண்டது. கூடவே புளிப்பாக ஒரு நெடி.

"ஆயா! ஓடி வாயேன், இது கொம்பு காட்டுது!"

நான் போவதற்குள் கொம்பு உள்ளே போய்விட்டது. எறும்பு மாதிரியான எதிரிகளை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அந்த நெடி. திரும்பத் திரும்பத் தொட்டால் புழுவுக்குச் சிரமம் என்று சொன்னேன். அன்றிலிருந்து கை வைக்கிறதில்லை. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கொம்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தினமும் சாயங்காலம் புழுவின் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்து, அதே நீளத்துக்கு ஒரு கோடு போடுவாள். தேதி போடுவாள். கோடு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். ஒருநாள் புழு அசையாமல் கிடந்தது. செத்துப்போச்சா என்று முகம் வாடிவிட்டது. இல்லை, தோல் உரிக்கப்போகிறது, அதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். மறுநாள் காலையில் பழைய தோல் சுருங்கிக் கிடக்க, புழு அதைத் தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை வானொலியில் எப்படிச் சொல்வேன்!

ஜெர்மனியில் 1647-ஆம் ஆண்டு பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற பெண், 13 வயதில் பட்டுப்புழு வளர்த்து, அது மாற மாறப் படம் வரைந்து வைத்தார். புழு பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாக உண்டாகின்றன என்று படித்தவர்களே பலர் நம்பிய காலம் அது. எந்தச் செடியில் எந்தப் புழு, அது என்னவாக மாறுகிறது என்று செடியையும் பூச்சியையும் ஒரே தாளில் வரைந்து காட்டியவர் அவர். நோட்டும் பென்சிலும் கையில் இருக்கிற குழந்தை அந்த வழியில்தான் போகிறது என்று நான் நம்புகிறேன்.

வளர்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. அகலமான பிளாஸ்டிக் டப்பா, மேலே கொசுவலைத் துணி, அதைக் கட்ட ஒரு ரப்பர் பேண்டு. இலைக் காம்பை ஒரு சின்ன பாட்டில் தண்ணீரில் நிறுத்தி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும். அடியில் காகிதம் விரித்துத் தினம் மாற்றுங்கள். புழு தின்பதற்கு ஈடாகக் கழிவும் போடும், அது ஈரத்தில் பூசணம் பிடித்தால் நோய் வரும். டப்பாவை வெயிலில் வைக்கக்கூடாது. முக்கியமான ஒன்று: கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம். அதில் மருந்து அடித்திருந்தால் புழு தாங்காது. மருந்து படாத செடியின் இலைதான் வேண்டும்.

செடி பாழாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆள் உயரச் செடி என்றால் பாழாகாது, நாலு புழு தின்றாலும் மறுபடி துளிர்த்துவிடும். முழம் உயரக் கன்று என்றால் மொட்டையடித்துவிடும், உண்மைதான். அப்போது புழுக்களை எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் அவற்றுக்கு ஆகும்.

வளர்ந்து முடிந்த புழு தின்பதை நிறுத்திவிட்டு டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி அலையும். அப்புறம் ஒரு குச்சியில் வாலை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஓர் இழை கட்டி, தலை மேலாகச் சாய்ந்து நிற்கும். அடுத்த நாள் பார்த்தால் அங்கே புழு இருக்காது, கூடுதான் இருக்கும். பச்சை இலைகளுக்கு நடுவே என்றால் கூடும் பெரும்பாலும் பச்சை. காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பு.

எல்லாக் கூடும் பூச்சியாவதில்லை. ஒரு கூட்டில் ஊசி குத்தியது போல ஒரு துளை விழுந்து, அதன் வழியாகச் சின்னஞ்சிறு குளவிகள், எறும்பைவிடச் சிறியவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. தோல் இன்னும் கெட்டிப்படாத புதுக்கூட்டுக்குள் தாய்க்குளவி முட்டை வைத்துவிடுகிறது. குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வருகின்றன. பேத்தி அழுதாள். அவளுக்குத் தெரியாமல் அந்தக் கூட்டை எடுத்து எறிந்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. குழந்தையிடம் அதை மறைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் குளவிகள் இல்லாவிட்டால் புழுக்கள் பெருகிப் பெருகிச் செடிகளே மிஞ்சாது. அவள் அழுது முடித்துப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். அந்தக் குளவிகளும் நோட்டில் ஏறின.

பூச்சி வெளியே வருவது பெரும்பாலும் காலை நேரத்தில். கூட்டின் முதுகு வெடிக்கும். கால், தலை, அப்புறம் வயிறு. வரும்போது இறக்கை சுருங்கி, சின்னதாக, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். உடம்பிலிருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தச் செலுத்த, நம் கண்ணெதிரே விரியும். அந்த நேரத்தில் அது தொங்குவதற்குப் பிடிமானம் வேண்டும், விழுந்துவிட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும். தேன் குடிக்கும் அந்தச் சுருள் உறிஞ்சுகுழல் பிறக்கும்போது இரண்டு பாதியாக இருக்கும். சுருட்டி நீட்டி, சுருட்டி நீட்டி, இரண்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளும். இதையெல்லாம் கிட்டே உட்கார்ந்து பார்க்கிற குழந்தை மூச்சுவிடக்கூட மறந்துவிடுகிறது.

ஒரே செடியிலிருந்து எடுத்த புழுக்களில் ஒன்று வெள்ளைத் திட்டுகளோடு வந்தது. இன்னொன்று பின்னிறக்கையில் சிவப்புப் பொட்டுகளோடு வந்தது. "ஆயா, இது வேற பூச்சி, மாறிப்போச்சு" என்றாள். மாறவில்லை, இரண்டும் கறிவேப்பிலை அழகிதான். ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி. பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சில, சிவப்பும் கறுப்புமாய்ப் பறக்கும் வேறு வண்ணத்துப்பூச்சிகளைப் போல இருக்கும். அந்த வேறு பூச்சிகள் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்பவை, உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத இது அவற்றின் சேலையைக் கட்டிக்கொண்டு தப்பிக்கிறது. இந்த வேடத்தை 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணு நடத்துகிறது என்று, இப்போது பெங்களூரில் பணியாற்றும் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். உலக ஆய்வுக்கூடங்களில் பேசப்படுகிற விஷயம் நம் ரசத்துக்குக் கிள்ளும் செடியில் நடந்துகொண்டிருக்கிறது.

கண் ஒருமுறை திறந்துகொண்டால் அப்புறம் எல்லாமே தெரியும். எங்கள் வீட்டுச் சாவித்துவாரத்தை மண்ணால் அடைத்து வைக்கிற குளவியை அவள்தான் கவனித்தாள். வாயில் ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்தது அது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோமே, அதன் உள்விவரம் இதுதான். குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் வைக்கிறது. கூடவே ஒரு முட்டையையும் வைத்து மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று குளவியாகி வெளியே வருகிறது. புழு போவதையும் குளவி வருவதையும் மட்டும் பார்த்த முன்னோர், நடுவில் நடப்பதைக் கதையாக்கிவிட்டார்கள்.

மாடிப்படிக்குக் கீழே மழை படாத புழுதியில் குழியானை இருக்கிறது. கிண்ணம் கிண்ணமாய்க் குழி. ஒரு துரும்பால் ஓரத்தைச் சீண்டினால் அடியிலிருந்து மண்ணை வாரி இறைக்கும். அது பின்னாலேயே நடக்கும் என்பதைக் கண்டுபிடித்த நாள் முழுக்க என் பேத்தியும் வீட்டுக்குள் பின்னாலேயே நடந்தாள். இறக்கை முளைத்துத் தட்டானைப் போலப் பறக்கப்போவது இதுதான் என்றால் பெரியவர்களே நம்புவதில்லை. நந்தியாவட்டையில் கனத்த பச்சைப் புழு இருந்தால், தோளில் இரண்டு நீலக் கண்கள் வரைந்திருக்கிறதா பாருங்கள். அது அந்துப்பூச்சியின் புழு, கூடு கட்டச் சருகுக்குள் இறங்கிவிடும். ரயில் பாதை ஓரத்து எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு இருப்பது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் கூட்டில் பொன் பொட்டுகள் மின்னும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, ஆகவே இலையைப் பெரியவர்கள்தான் பறிக்க வேண்டும், கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. முருங்கையில் அப்பிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது. ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். ரோமம் உள்ளதைத் தொடாதே, தூர நின்று பார் என்று ஒரே ஒரு விதி போதும், குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். "சீ, அசிங்கம், போடு கீழே" என்ற சொல்தான் ஆகாது. ஒரு பெரியவரின் முகச்சுளிப்பு ஒரு குழந்தையின் ஆசையை ஒரே நிமிஷத்தில் அணைத்துவிடும். எனக்கு அதில்தான் ஆதங்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் செடிகள் கொழுந்து விடும், முட்டைகளும் வரும். சென்னைத் தட்பவெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். கூட்டின் நிறம் கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் மேல்தோல் வழியாகத் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் காலையில் பூச்சி வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் உடனே வெளியே விட வேண்டாம், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். வெயில் வந்ததும் இட்லிப்பூச் செடிப் பக்கம் விடுங்கள். அன்றைக்குக் காலையில் குழந்தையைச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை என்று, காலமெல்லாம் வருகைப் பதிவேடு எடுத்த ஆசிரியை நான், சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.