மிளகு டப்பாவில் இருந்த சிறுவாடு

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி மாணவர்கள் பணம் சேமிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள். மாணவியாக இருந்தபோது நான் பணத்தை எப்படி வைத்திருந்தேன் என்று தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு ஊர் ஏற்காட்டுப் பக்கம். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. 1983இல் நான் சேலத்தில் பி.காம். இரண்டாம் வருடம். அஸ்தம்பட்டியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997இல்தான். எங்களுக்கெல்லாம் தேர்வு சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. தேர்வுக் கட்டணம் 85 ரூபாய். அப்பா ஒரு மாதம் முன்னாடியே கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, உடன் படித்தவளின் அக்காவுக்குக் கல்யாணம். ஒரு புடவை, ஒரு ஜோடி செருப்பு. அடுத்த மாதப் பணம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசித் தேதி போய்விட்டது. அபராதம் 20 ரூபாய்.

கையில் காசு இல்லை. காலில் அம்மாவின் கொலுசு இருந்தது. சேலத்தில் கொலுசுக்கு என்ன பஞ்சம்? செய்யும் பட்டறைகளும் நிறைய, அடகு பிடிக்கும் கடைகளும் நிறைய. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் வைத்தேன். 120 ரூபாய், மூன்று வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 116 ரூபாய் 40 காசு எண்ணிக் கொடுத்தார். அபராதத்தோடு 105 ரூபாயைக் கல்லூரியில் கட்டினேன். மிச்சம் பதினொரு ரூபாய் சொச்சம் போன இடம் தெரியவில்லை. கொலுசு பதினான்கு மாதம் அங்கேயே கிடந்தது. மாதம் 3 ரூபாய் 60 காசு வீதம் வட்டி மட்டும் 50 ரூபாய் 40 காசு. அபராதத்தையும் சேர்த்தால் 85 ரூபாய்க் கட்டணம் எனக்கு 155 ரூபாய் 40 காசில் முடிந்தது. பி.காம். படித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்துகிறேன்.

டீயைக் குறை, சினிமாவைக் குறை என்று சொல்ல நான் வரவில்லை. தட்டுவடை செட்டை விட்டுவிடச் சொன்னால் சேலத்தில் என்னை யாரும் மதிக்க மாட்டார்கள். கேரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு, இரண்டு சட்னி தடவி, நாலு பேர் நின்று சாப்பிடுகிற அந்தச் சுகத்துக்கு முப்பது நாற்பது ரூபாய் பெரிதில்லை. நான் பார்த்தவரையில் மாணவர்களின் பணம் அங்கே கரைவதில்லை. காசு தீர்ந்த பிறகு வாங்குகிறோமே, அதில்தான் கரைகிறது. பை காலியானவனுக்கு எல்லாப் பொருளும் விலை கூடித்தான் கிடைக்கும்.

ஒரு உதாரணம். சென்னையில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வர வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெயர்தான் ஏற்காடு, மலையெல்லாம் ஏறாது. ஈரோட்டுக்கும் சென்னைக்கும் நடுவே ராத்திரியில் ஓடுகிற வண்டி, சேலம் ஜங்ஷனில் இறங்கிக்கொள்ளலாம். ரயில்வேயில் இப்போது அறுபது நாளுக்கு முன் முன்பதிவு தொடங்குகிறது. அப்படியென்றால் பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பர் நடுவில் கையில் காசு வேண்டும். தீபாவளிச் செலவு முடிந்த கையோடு யாரிடம் இருக்கிறது? ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆம்னி பஸ்காரர் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஊரும் அதேதான், தூரமும் அதேதான். நவம்பரில் சில நூறு ரூபாய் தனியாக இருந்தவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு இன்னொரு விலை.

விடுதிச் சாப்பாட்டிலும் இது உண்டு. மாதச் சாப்பாட்டுச் செலவை மாணவர்களே பங்கிட்டுக் கட்டுகிற டிவைடிங் சிஸ்டம் உள்ள விடுதியில், ஊருக்குப் போகும் நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள். எத்தனை நாள் போனால் கழிப்பார்கள், யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பது விடுதிக்கு விடுதி மாறும். அதைக் கேட்டு வைத்துக்கொள்கிறவர் குறைவு. பில் கட்டுகிற தேதி தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் போடுகிற இடங்களும் உண்டு. சாப்பிடாத சாப்பாட்டுக்கும் காசு, பிந்தியதற்கும் காசு.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற சீசன் நவம்பர், டிசம்பர், ஜனவரி. அப்போது வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும், கையில் காசு புழங்கும். பிறகு மிளகு. ஆடி, ஆவணியில் மழை பிடித்துக்கொண்டால் வேலை குறைந்துவிடும். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் பறிப்புக் காலத்தில் வாராவாரம் கூலியில் கொஞ்சத்தை எடுத்து எங்கேயோ ஒளித்துவிடுவாள். எங்கே என்று அப்பாவுக்கும் தெரியாது. சிறுவாடு என்று சொல்வோமே, அதுதான். வட்டிக்காகச் சேர்த்ததல்ல. மழை மாதத்தில் மளிகைக்கடையில் கடன் சொல்லக் கூடாது என்பதற்காகச் சேர்த்தது. கடன் சொன்னால் கடைக்காரர் கொடுத்ததுதான் அரிசி, போட்டதுதான் விலை.

மாணவனின் மாதமும் காப்பித் தோட்டம் மாதிரிதான். முதல் வாரம் பறிப்பு, கடைசி வாரம் ஆடி மழை. வீட்டிலிருந்து பணம் வந்த அன்றைக்கே ஐந்நூறு ரூபாயை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் முந்நூறு, இருநூறு. அந்தக் கணக்கை ஜிபேயிலோ போன்பேயிலோ சேர்க்கக் கூடாது; இது மட்டும் என் கண்டிஷன். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம். வங்கியில் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கும் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் வாங்குகிறவர்களும் இருப்பீர்கள். அந்தப் பணம் விழுகிற கணக்கையே சிறுவாடாக வைத்துக்கொண்டு, வீட்டுப் பணத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அஞ்சலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டுகிற தொடர் சேமிப்பு பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து வருடம். 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் அறுபது மாதம் நூறு நூறாகப் போட்டால், கட்டியது 6,000, கைக்கு வருவது ஏறக்குறைய 7,136. நல்லதுதான். ஆனால் மூன்று வருடப் படிப்புக்கு ஐந்து வருட ஆர்.டி. எதற்கு என்பது என் எண்ணம். வேலைக்குப் போனபிறகு போடுங்கள். இப்போது உங்களுக்குத் தேவை அவசரத்துக்கு எடுக்க முடிகிற பணம்.

அப்புறம் வட்டி. கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தபோது நான் அதிகம் பார்த்த தவறு இதில்தான். ஊரில் "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். வங்கியில் பத்து சதவீதம் என்றால் வருடத்துக்கு. மூன்று வட்டியை வருடக் கணக்குக்கு மாற்றினால் முப்பத்தாறு சதவீதம். "வங்கியில் பத்து கேட்கிறார்கள் மேடம், வெளியே மூன்றுக்கே தருகிறார்கள்" என்று என்னிடமே சொன்ன பட்டதாரிகள் உண்டு.

செல்போனில் கடன் தருகிற செயலிகள் இன்னும் மோசம். மூவாயிரம் கடன் என்பான். கட்டணம் என்று அறுநூறைப் பிடித்துக்கொண்டு 2,400 போடுவான். ஏழாம் நாள் மூவாயிரம் கேட்பான். ஒரே வாரத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து! எனக்குக் கொலுசுக் கடைக்காரர் வாங்கிய வட்டி இதன் பக்கத்தில் தர்மம். கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம், எல்லாச் செலவும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அது இல்லாத செயலியை இறக்கவே வேண்டாம். இறக்கி மாட்டிக்கொண்டு, போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சைபர் குற்ற உதவி எண். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள்தான், திட்டட்டும்.

கல்விக்கடன் வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். அது உண்மை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு நான்கு லட்சம், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதற்கு நான்கு வருடம், 40,000. அடுத்தது 30,000, கடைசி 20,000. ஆக ஒரு லட்சத்து நாற்பதாயிரம். முதல் தவணை கட்டப் போகிற அன்று நீங்கள் பாக்கி வைத்திருப்பது நான்கு லட்சம் அல்ல, ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். அதற்கப்புறம் அந்த முழுத்தொகைக்கும் வட்டி ஓடும்.

முதல் வருடத்தில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய்தான் வரும். வீட்டில் யாராவது அதைக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். படிக்கும் காலத்திலேயே வட்டியை விடாமல் கட்டி வருகிறவர்களுக்கு ஒரு சதவீதம் குறைத்துக்கொள்ளவும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்கடுத்த ஒரு வருடத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசே ஏற்கிற மானியத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க அலைவது சிரமம்தான். லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் அலையலாம்.

சின்னச் சின்னதாகவும் சில உண்டு. என் அக்கா பையன், கருப்பூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறான். மாதம் எவ்வளவு செலவு என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவான். ஒருநாள் அவன் போனை வாங்கி, மாதாமாதம் தானாகப் பணம் போகிற ஆட்டோபே என்று இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தேன். முதல் மாதம் ஒரு ரூபாய்க்குச் சேர்ந்த பாட்டுச் செயலி, எப்போதோ ஒரு கிரிக்கெட் தொடருக்காக எடுத்தது, உடம்பைத் தேற்றுகிறேன் என்று சேர்ந்த ஒன்று. மூன்றும் சேர்ந்து மாதம் 547 ரூபாய். மூன்றையும் அவன் திறந்தே மாதக்கணக்காகிறது. "பணம் எடுக்கப் போகிறோம் என்று மெசேஜ் வருமே, பார்க்கலையா?" என்றேன். "வரும் சித்தி, தள்ளி விட்டுடுவேன்" என்றான். இதைக் கேட்டு முடித்ததும் போனை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. மற்றவர்கள் மாணவர் பாஸை வருட ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று பைக்கில் ஆறு பேராக ஏற்காட்டுக்கு வருகிறீர்களே, அதற்கு மட்டும் ஒரு வார்த்தை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியரில் பெட்ரோலை எரிப்பதைவிட, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரலாம். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக்கு அந்தக் காசு ஆகும். எங்கள் ஊர்க்காரர்களும் பிழைக்க வேண்டாமா!

சரி, கொலுசு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், "அறுந்துபோச்சும்மா, ஆசாரிகிட்ட கொடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பதினான்காவது மாதம், பஸ் ஏறப் போகும்போது அடுப்படிக்குக் கூப்பிட்டாள். மேல் தட்டிலிருந்து மிளகு டப்பாவை இறக்கிக் கையை உள்ளே விட்டாள். கசங்கிய ரூபாய் நோட்டுகளாக எடுத்து எடுத்து என் கையில் வைத்தாள். "அந்த ஆசாரி கூலியைக் கொடுத்துட்டு வாங்கிட்டு வா கண்ணு" என்றாள். எண்ணிப் பார்த்தேன், 170 ரூபாய். மறுநாளே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் அசலும் வட்டியுமாக 166 ரூபாய் 80 காசு எடுத்துக்கொண்டார். நோட்டை எண்ணி முடிப்பதற்குள் மூன்று முறை தும்மினார்.

வணக்கம்.