எத்தனை பேர் போதும்? மூளைப் பரவல் படிமமும் மாதிரி அளவும்

அவையோருக்கு வணக்கம். புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கக் கிளம்பும் குழுவின் முன் வந்து நிற்கும் முதல் கேள்வி, எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது என்பதுதான். மூளையின் சிறு இரத்தக்குழாய் நோய் போல ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் நோய்களில், நினைவாற்றல் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் இந்த எண்ணிக்கை எளிதில் பெருகிவிடும்; ஏனெனில் அந்த மதிப்பெண் முந்தைய இரவின் தூக்கத்துக்கேற்ப ஏறி இறங்குகிறது, அதே தேர்வை மறுமுறை எழுதும் பழக்கத்தாலேயே கூடியும் விடுகிறது.

இந்த இடத்தில்தான் பரவல் படிமம் உதவிக்கு வருகிறது. ஆய்வாளர் பீட்டர் பாசரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட டிஃப்யூஷன் டென்சர் முறை, எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டு திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் நகர்வதை அளக்கிறது. மூளையின் நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் வெண்பொருளில் நீர், அந்த இழைகளின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்கே தடைபட்டும் நகரும். இழைகள் சிதையும்போது பொதுவாகச் சராசரிப் பரவல் கூடுகிறது, திசைச்சார்பு, அதாவது ஒரே திசையில் நகரும் போக்கு, குறைகிறது.

இனி கணக்குக்கு வருவோம். 5 சதவீதப் பிழைவரம்பும் (பலனில்லாத மருந்தைப் பலனுள்ளதாகத் தவறாக முடிவுகட்டும் வாய்ப்பு) 80 சதவீதக் கண்டறியும் திறனும் (உண்மையான பலனைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) போதுமென்றால், மருந்து பெறுவோர், பெறாதோர் என்ற ஒவ்வொரு பிரிவுக்கும் வேண்டிய எண்ணிக்கை ஏறத்தாழ இதுதான்: திட்ட விலக்கத்தை, அதாவது ஆளுக்கு ஆள் மதிப்புகள் சிதறியிருக்கும் அளவை, இரு பிரிவுகளுக்கிடையே எதிர்பார்க்கும் வேறுபாட்டால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16-ஆல் பெருக்க வேண்டும். ஓர் அளவீடு நோயாளிகளிடம் ஆண்டுக்குச் சராசரியாக 2 அலகு மாறுகிறது, அந்த மாற்றத்தின் திட்ட விலக்கமும் 2 என்று வைத்துக்கொள்வோம். மருந்து அந்த மாற்றத்தில் கால்பங்கைத் தடுக்குமானால் வேறுபாடு 0.5, பிரிவுக்கு 256 பேர் தேவை. விலக்கம் 1 ஆகக் குறைந்தால் 64 பேரே போதும். மருந்து அதேதான், நோயும் அதேதான். அளவுகோல் மட்டுமே நிதானப்பட்டிருக்கிறது.

அந்த நிதானம் தானாக வருவதில்லை. தலை சற்று அசைந்தாலும், ஓரத்து மூளைத்தண்டுவட நீர் படப்புள்ளிக்குள் கலந்தாலும், சோதனையின் நடுவே கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தாலும் விலக்கம் வீங்கிவிடும். (கடைசியாகச் சொன்னதைத் தடுப்பது, ஒருவரை அசையாமல் படுக்கவைப்பதைவிடக் கடினம்!) இன்னொன்று: நலமாக இருப்பவர்களின் மூளையும் வயதாக ஆக மாறுகிறது. அந்த இயல்பான மாற்றம் 0.5 என்றால், மருந்து தடுக்கக்கூடியது மீதமுள்ள 1.5-இல் கால்பங்கு மட்டுமே. 64 உடனே 114 ஆகிறது. முதுமையையும் சேர்த்தே நிறுத்திவிடும் மருந்தைப்போல் கணக்கிடுவது, என் பார்வையில், பட்ஜெட்டுக்கு ஏற்றபடி நோயை வளைப்பதாகும்.

படிமத்தில் தெரியும் மாற்றம் நோயாளியின் அன்றாட வாழ்வில் தெரியும் மாற்றமாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருந்து திசுவைத் தொடுகிறதா என்று பார்க்கும் தொடக்கக்கட்டச் சோதனைக்கு இந்த அளவீடு தகும். நோயாளிக்குப் பலன் உண்டா என்று தீர்ப்புச் சொல்ல, இதை மட்டும் வைத்துக்கொள்வது தகாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்தத் திட்ட விலக்கம் பிறந்த இடம். பெரும்பாலும் அது ஒரு சிறிய முன்னோட்ட ஆய்விலிருந்து வருகிறது. 20 பேரிடம் கணக்கிட்ட விலக்கம் 1 என்றால், இயல்நிலைப் பரவலின்படி அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான விலக்கம் இருக்கக்கூடிய வீச்சு, 0.76 முதல் 1.46 வரை நீள்கிறது. கணக்கில் இது வர்க்கமாக ஏறுவதால், 64 என்பது உண்மையில் 37-ஆகவும் இருக்கலாம், 137-ஆகவும் இருக்கலாம். ஆகவே பிரிவுக்கு 64 பேர் என்று எழுதிய திட்ட வரைவு கைக்கு வந்தால், அந்த 1 எத்தனை பேரிடமிருந்து, எத்தனை கருவிகளிலிருந்து, எவ்வளவு கால இடைவெளியில் கிடைத்தது என்றுதான் நான் முதலில் தேடுவேன்.