கூப்பிட்டுப் பார்த்துப் பேர் வையுங்கள்

(காசிமேட்டில் நடந்த சமுதாய வளைகாப்பு ஒன்றில் அங்கன்வாடி ஊழியர் பேசியது)

கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, மகள்களே, கூட வந்திருக்கும் மாமியார்களே, ஆயாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சத்துமாவு, மாத்திரை பற்றியெல்லாம் நர்சம்மா சொல்லிவிட்டார். நான் பேர் பற்றிப் பேசுகிறேன். அதிலும் பெண் குழந்தையின் பேர். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளின் பேரைப் பதிவேட்டில் எழுதி, அதைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் வேலை.

முதலில் என் சின்னம்மா கதையைச் சொல்கிறேன். அவர் வீட்டுக்கு ஐந்தாவது பெண். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று 'போதும்பொண்ணு' என்று வைத்துவிட்டார்கள். ரேஷன் கடையில் அந்தப் பேரை உரக்கக் கூப்பிட்டால் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சின்னம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே போய்ச் சர்க்கரை வாங்கி வருவார். பையைப் பிடித்துக்கொண்டு நானும் கூட நின்றிருக்கிறேன். எங்கள் ஆயாதான் ஒருநாள் முன்பாதியை விட்டுவிட்டு 'பொண்ணு, பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்புறம் தெருவே அப்படிக் கூப்பிட்டது. கார்டில் கடைசிவரைக்கும் 'போதும்' இருந்தது. யார் வாயிலும் அது வரவில்லை. ஒரு செல்லப்பேர் இவ்வளவு செய்யும்.

கெடுக்கவும் செய்யும். ஒரு தடவை மூன்று வயதுக் குழந்தை ஒன்றைச் சேர்த்தார்கள். பதிவேட்டில் தர்ஷினி. நாலு தடவை கூப்பிட்டேன். கையிலிருந்த சுண்டலை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துக்கொண்டே இருந்தது, நிமிரவில்லை. காது கேட்கவில்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன், "டீச்சர், அது பேரு கருப்பி" என்றான். கருப்பி என்றதும் நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதன் அம்மாவிடம் கேட்டேன். "செல்லமாத்தான் டீச்சர் கூப்பிடுறோம்" என்றார். செல்லம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் வீட்டுக்குள் செல்லமாக இருப்பது, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை வாயில் போனால் குத்தும். நிறம், பல், மூக்கு, உடம்பு, இவற்றைச் சொல்லிக் கூப்பிடவே வேண்டாம். அம்மு, சிட்டு, பட்டு, குட்டி என்று நம்மிடம் எத்தனை இருக்கிறது! தெருவில் ஏழு அம்மு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்லப்பேரே வேண்டாம், முழுப்பேரைத்தான் எல்லோரும் சொல்ல வேண்டும் என்று சில படித்த பெண்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். அவர்கள் ஆசை புரிகிறது. ஆனால் வீட்டில் வைக்காவிட்டால் தெரு ஒன்று வைக்கும். திருவொற்றியூர் காலடிப்பேட்டையைப் பாருங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அதனால் நீங்களே முந்திக்கொண்டு நல்லதாக ஒன்று வைத்துவிடுங்கள்.

சரி, பெரிய பேர். ஜாதகம் பார்ப்பவர்கள் நட்சத்திர எழுத்து கேட்பார்கள். திருவாதிரை மூன்றாம் பாதத்துக்குப் பஞ்சாங்கத்தில் 'ங' என்று போட்டிருக்கும். ங-வில் தொடங்கி எந்தப் பேரை வைப்பது? தொட்டிலில் போடும் அன்று அத்தை காதில் சொல்வதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டு, வாழ்வதற்குத் தங்களுக்குப் பிடித்த பேரை வைத்த வீடுகள் உண்டு. ஞானஸ்நானத்தில் ஒரு பேரும் வீட்டில் ஒரு பேருமாக வளர்ந்த பிள்ளைகள் இங்கேயே நிறையப் பேர். ஒன்றும் தப்பில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். முடிவு பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். போனில் தேடி, எழுத்தைக் கூட்டிப் பார்த்து முடிவு பண்ணிவிடுகிறார்கள். பேர் கூப்பிடுவதற்கு அம்மா! தொல்காப்பியத்தில் இதற்காகவே விளி மரபு என்று ஓர் இயல் இருக்கிறது. இ-யில் முடிகிற பேர் கூப்பிடும்போது ஈ என்று நீளும், நம்பி நம்பீ ஆவது மாதிரி. மாடியில் நின்று "பவானீ" என்றால் தெருமுனையில் விளையாடும் பிள்ளைக்குக் கேட்கிறதே, அது அந்த நீளல்தான். பெரியபாளையத்து அம்மன் பேர் அது, வடசென்னையில் எத்தனை வீட்டில் இருக்கிறது! திருவொற்றியூர் வடிவுடையம்மன் பேரில் வடிவு என்று வைப்பது இப்போது குறைந்துவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம். அழகு என்று அர்த்தம், மூன்றே எழுத்து.

யாழினி, கயல்விழி என்று தமிழில் வைக்கிறீர்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பழத்தைப் பயம் என்று சொல்கிற நாக்கு நமக்கு. யாழினி யாயினி ஆகிவிடுவாள். அதற்காக அந்தப் பேரை விட்டுவிடாதீர்கள். ஆயாவிலிருந்து அண்ணன்வரை ழ சொல்லிப் பழகுங்கள். பிள்ளை பேரைச் சொல்லிச் சொல்லியே வந்துவிடும்.

பதிவையும் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேர் முடிவாகவில்லை என்றால் பேர் இல்லாமலே பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம்வரை தாமதக் கட்டணம் உண்டு. எனவே மாமியாரும் மருமகளும் பேருக்காகச் சண்டை போட வேண்டாம், நேரம் இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து ஓட்டுநர் உரிமம்வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தர்ஷினி வந்த அந்த வருஷத்திலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் பேனாவால் பெரிய பேர், பக்கத்தில் பென்சிலால் வீட்டுப்பேர். முதல் வாரம் இரண்டையும் சேர்த்துக் கூப்பிடுவேன். உங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அன்று இரண்டையும் என்னிடம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.