பிரேக்கும் பிள்ளையாரும்

(எங்கள் ஊர் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலன்று பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, அழைப்பை மதித்து அயலூரிலிருந்து வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, என்னைப் பேச அழைத்ததோடு நில்லாமல் சால்வையும் போர்த்திய அதிபர் அவர்களே, கமக்காரர் அமைப்பின் செயலாளர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, மணலில் இருந்து கேட்கும் என் சனங்களே, வணக்கம். ஒலிபெருக்கித் தம்பியை விட்டுவிட்டேன், அவருக்கும் வணக்கம். அவர் நினைத்தால் என் பேச்சு இப்போதே முடிந்துவிடும்.

வாழ்க்கை, உணர்வு, நம்பிக்கை, தொழில் என்று அதிபர் தலைப்புத் தந்தார். நாலையும் பேசுவேன். அதற்கு முதல் என் வழமையான பழமொழி: உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. சிரிக்கிறீர்கள். போன வருசமும் இதைத்தான் சொன்னேன், தெரியும்.

வாழ்க்கை. மாரி மழையை நம்பிக் காலபோக நெல் விதைக்கிறோம், மழை பிழைக்கிறது. விதைநெல், உரம், உழவு கூலி எல்லாம் கடன். அடுத்த புரட்டாதியில் மறுபடி வயலுக்குள் இறங்குகிறோம். கணக்குப் பார்க்கிற ஆள் செய்கிற வேலையா இது? உணர்வு பற்றி, 2009-இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்து, காடு மண்டிய வளவில் தன் கிணறு எது என்று தேடிய சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? அதை விடுவோம்.

நம்பிக்கைக்கு வருகிறேன். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் நீரில் விளக்கெரிவதை நம்புகிறவன் நான். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குப் போகிற சைவக் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன, பங்குத்தந்தை தலையாட்டுகிறார். ஆனால் என் தாய்மாமன் கதை ஒன்று உண்டு.

எண்பதுகளின் தொடக்கம். மாமாவிடம் பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், இருந்தது. நெல் மூட்டை ஏற்றிக் கண்டி வீதியில் போவார், மூட்டைக்கு மேல் நான். பிரேக் அரைகுறை. மிதித்தால் ஒரு கூப்பிடு தூரம் போய்த்தான் நிற்கும். மாமாவுக்கு அது பிரச்சினையே இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்குந்தானே. மாமாவும் நிற்பார், தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார், "இனி அவர் பார்த்துக்கொள்ளுவார்" என்பார். ஒருநாள் அந்தக் கோயிலடியிலேயே பிரேக் முழுதாகக் கைவிட்டது. "பிள்ளையாரே!" என்று மாமா கத்த, லான்ட்மாஸ்டர் கோயிலைக் கடந்து நேரே கச்சான்கடலைக் கடைக்குள் போனது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. கச்சான்தான் வீதி நிறைய. சுளகோடு எழும்பி வந்த ஆச்சி திட்டப் போகிறா என்று நினைத்தோம். திட்டவில்லை. பெட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தா. "தம்பி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறாய், சரி. இந்தக் கம்பியை ஒருக்கா இறுக்கவும் அவரோ வரவேணும்?"

கொட்டுண்ட கச்சான் முழுவதற்கும் மாமா காசு கொடுத்தார். ஒரு மாதம் எங்கள் வீட்டில் காலை மாலை கச்சான்தான். கடித்தால் மண் நறநறக்கும். அம்மா பிட்டுக்குள்ளும் போட்டா.

ஏன் சொல்கிறேன்? இன்று மழை வேண்டிப் பொங்கினோம். அம்மன் தருவா. தந்த மழையை எதில் பிடிப்பது? நேற்று நம் சின்னக்குளத்து அணைக்கட்டில் நடந்து பார்த்தேன். கை மொத்தத்தில் மரக்கன்றுகள் நிற்கின்றன. இப்போது என்றால் வேரோடு பிடுங்கலாம். விட்டால் வேர் கட்டைத் துளைக்கும், அழுகினால் அந்த வழியே நீர் கசியும், பிறகு கட்டே போகும். கறையான் புற்று ஏழு எண்ணினேன். நீர் திறந்துவிடும் துருசுக் கம்பி துருவேறி அசையவே மாட்டேன் என்கிறது. 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுப் பெரிய குளத்தைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். சின்னக்குளத்துக்கு நம்மை விட்டால் யார்? உரிய கந்தோருக்கு மூன்று கடிதம் எழுதினோம். வந்தார்கள், அளந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். வண்டல் அள்ள அனுமதியும் இயந்திரமும் வேணும். அது வரும்போது வரட்டும். பற்றை வெட்டக் கத்தி போதும், நாமே ஒரு நாள் சேர்ந்து இறங்குவோம்.

ஒரு நாள் கூலி போகுமே என்று ஒருவர் கேட்டார். அவருக்கு என் பதில், உழுகிறவன் கணக்குப் பார்த்தால்... சரி, மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தொழில் என்ற நாலாவது தலைப்பு மிச்சம். அதிபர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அதை ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளக்கட்டில் பேசுவோம். மண்வெட்டியும் கத்தியும் கொண்டு வாருங்கள். பூசை முடிந்ததும் வருவதாகப் பங்குத்தந்தையும் சொல்லியிருக்கிறார். பிளேன்டீ மாதர் சங்கம். கச்சான் என் செலவு.